காத்திருக்கிறவனுக்கு ஒரு சங்கு வேணும்

ஒரு விமானக் கம்பெனி மூடினால் அதன் பைலட்டுகள் என்ன செய்வார்கள்? "நல்ல சம்பளம் வாங்கினவங்கதானே, வேற கம்பெனியில சேர்ந்துக்குவாங்க" என்றுதான் முதலில் தோணும். நானும் அப்படிக் கேட்டவாறுதான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது எங்க தூத்துக்குடிக் கடல். "எப்போ கூப்பிடுவாங்க?" என்று காத்திருந்த முத்துக் குளியாளிகளின் கதையும் இதுவும் ஒரே அச்சு.

முதலில் பைலட் கதை.

ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே பைலட்டுகளுக்குச் சம்பளம் பாக்கி. ஜூன் மாதம் விஷயம் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021 ஜூனில் புது முதலாளிகளின் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2022 மே மாதம் பறக்கும் உரிமமும் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் "இதோ கிளம்பப் போகுது" என்று செய்தி. கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட், கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கச் சொல்லிவிட்டது. மொத்தம் ஐந்தரை வருஷம்.

இந்த ஐந்தரை வருஷமும் ஒரு பைலட் சும்மா காத்திருக்க முடியுமா? அங்கேதான் சிக்கல். டாக்டரோ வக்கீலோ இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாலும் பட்டம் காலாவதி ஆகாது. பைலட்டின் தகுதிக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். பயணிகளை ஏற்றிப் பறக்க, முந்தைய 90 நாளில் மூன்று முறையாவது மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் திறமைச் சோதனை உண்டு. உடல் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது இதற்கெல்லாம் கம்பெனி செலவு செய்யும். வேலை போனபின் எல்லாம் சொந்தக் காசு. சிமுலேட்டர் என்பது வீட்டு வீடியோ கேம் இல்லை, மணிக்கணக்கில் வாடகை கட்டணும்.

இன்னொன்று, எந்த விமானம் என்பது. நம்ம வாகைக்குளத்தில் இறங்கும் சின்ன ஏடிஆர் விமானத்தை ஓட்டுபவர், மறுநாள் போய் ஏர்பஸ்ஸில் உட்கார முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சி, தனி அனுமதி. ஜெட்டில் அதிகம் இருந்தது போயிங் 737. அந்த வகை ஓட்டிய ஸ்பைஸ்ஜெட் சிலரை எடுத்துக்கொண்டது. ஆனால் நாட்டின் பெரிய கம்பெனியான இண்டிகோவில் பெரும்பாலும் ஏர்பஸ். அங்கே போகணும்னா மறுபடி படிக்கணும்.

அப்படிச் சேர்ந்தாலும் பணிமூப்பு கூடவே வராது. பத்து வருஷம் கேப்டனாக இருந்தவர் புது இடத்தில் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

ஒரு முரண் பாருங்க. 2017-ல் வந்த விதிப்படி, ஒரு கேப்டன் வேலையை விட ஒரு வருஷமும், துணை பைலட் ஆறு மாதமும் முன்கூட்டியே சொல்லணும். கம்பெனி நின்றதோ ஒரே ராத்திரியில்.

இப்போ நம்ம கடலுக்கு வருவோம்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படுகைகளைப் 'பார்' என்பார்கள். அரசு ஆட்கள் போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி போதுமான அளவு இருந்து, வயதும் முற்றியிருந்தால் 'முத்துக்குளிப்பு உண்டு' என்று அறிவிப்பு வரும். இல்லையென்றால் இல்லை. குஞ்சுச் சிப்பியை மீன் தின்றுவிடும், நீரோட்டம் மணலைப் போட்டு மூடிவிடும். இதில் குளியாளியின் திறமைக்கும் உழைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எரிபொருள் விலைக்கும் பைலட்டின் திறமைக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரிதான்.

1928-க்கு அப்புறம் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது 1955-ல். நடுவில் 27 வருஷம்! 1928-ல் இருபது வயதில் குளித்தவருக்கு 1955-ல் நாற்பத்தேழு. சிமுலேட்டர் இல்லாத காலம் அது. அப்படியிருந்தும் 1955-ல் அறிவிப்பு வந்ததும் மூச்சடக்கி அடி ஆழத்துக்குப் போக ஆட்கள் தயாராக இருந்தார்கள். எப்படி?

சங்குதான் காரணம் என்பது என் முடிவு.

முத்து இல்லாத வருஷங்களிலும் சங்கு குளிப்பு நடந்துகொண்டே இருந்தது. அதே கடல், அதே மூச்சு. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் சங்கு வளையலுக்கு இங்கிருந்துதான் சங்கு போனது. அது அரசின் ஏகபோகம். மீன்வளத் துறைதான் வாங்கும், விலையும் அதுவே வைக்கும். அதனால் இதைப் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சுறாவும் உண்டு, கையில் வரும் காசும் குறைவு. ஆனால் முத்து வராத காலத்தில் குளியாளியின் நுரையீரலையும், தரை எங்கே மணல் எங்கே பாறை என்ற அறிவையும், அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பழக்கத்தையும் காப்பாற்றியது சங்குதான். அடுப்பும் எரிந்தது, தொழிலும் துருப்பிடிக்கவில்லை.

ஜெட் பைலட்டுகளுக்கு அப்படி ஒரு சங்கு இல்லை. பறக்காத பைலட்டை பறந்துகொண்டே காத்திருக்க வைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

வேறு நாட்டில் இருக்கிறதா? அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி, ஆள் குறைக்கும்போது கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார். திரும்ப எடுக்கும்போது அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்து, மூத்தவரை முதலில் கூப்பிடுவார்கள். பணிமூப்பு பத்திரமாக இருக்கும். கோவிட் வந்தபோது 2020 மார்ச்சில் அரசே சம்பளத்துக்குப் பணம் கொடுத்து, செப்டம்பர் வரை யாரையும் அனுப்பக் கூடாது என்றது. அக்டோபரில் உதவி நின்றதும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆயிரக்கணக்கானோரை அனுப்பியது. டிசம்பரில் உதவி திரும்ப வந்ததும் கூப்பிட்டுக்கொண்டது. காத்திருப்பின் செலவை யார் தலையில் கட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஊரில் அதற்குக் கோர்ட் வாசல் ஏறணும். ராஜினாமா கடிதத்தைத் திரும்பப் பெற்ற பைலட்டுகளை ஏர் இந்தியா 2020 ஆகஸ்டில் வெளியே அனுப்பியது. 2021 ஜூனில் டெல்லி ஐகோர்ட் அவர்களைத் திரும்ப எடுக்கவும் பழைய சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் கோர்ட்டால் சம்பளத்தைத் திருப்பித் தர முடியும், பறக்காமல் போன மணிகளைத் தர முடியாது.

தூத்துக்குடியில் 1955-ல் தொடங்கிய வரிசை 1961-ல் நின்றது. அதுதான் கடைசி முத்துக்குளிப்பு. 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்தே காட்டிவிட்டார்கள். ஆனால் 1961-ல் யாரும் குளியாளிகளிடம் "இனி இல்லை" என்று சொல்லவில்லை. "இந்த வருஷம் இல்லை" என்பதுதான் எப்போதும் பதில். "இனி இல்லை" என்றால் மனுஷன் அழுதுவிட்டு வேறு வழி பார்ப்பான். "இந்த வருஷம் இல்லை" என்பது அவனை அங்கேயே நிற்க வைக்கும்.

அதனால், "சீக்கிரம் திரும்ப எடுத்துப்போம்" என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் நான் கேட்க நினைக்கும் கேள்வி இதுதான்: அதுவரைக்கும் சங்கு எங்கே?