உப்புப் பாத்தியும் கணக்குக் கட்டமும்

இடையஞ்சாவடிக்குப் போயிருக்கிறீர்களா? புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டி, செம்மண் மேட்டில் இருக்கும் கிராமம் அது. அங்கிருந்து கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம் வரும். கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளங்கள்! சதுரம் சதுரமாகப் பாத்திகள். பாத்திக்குப் பாத்தி வரப்பு.

வரப்பு எதற்கு? அழகுக்கா? இல்லை. ஒரு பாத்தியில் வெயில் குடித்து அடர்ந்த நீர் நிற்கும். அடுத்த பாத்தியில் இப்போதுதான் விட்ட நீர் நிற்கும். வரப்பு உடைந்து இரண்டும் கலந்தால், பல நாள் உழைப்பு பாழ்!

இன்று கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவர்கள் திறந்து வைக்கும் எக்ஸெல் தாளும் இதே மாதிரிதான். அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாத்தி. மொத்தம் எத்தனை வரிசை தெரியுமா? 10,48,576! 1979-இல் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இருவர் 'விசிகால்க்' என்ற பெயரில் முதன்முதலாக இந்த வகைத் தாளைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 1985-இல் எக்ஸெல் பிறந்தது. பழைய நாள்வழியும் பேரேடும் இன்று இதற்குள் குடியேறிவிட்டன.

உடை வேறு, உடல் வேறு

இந்தத் தாளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது உடை. உள்ளே இருப்பது உடல். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை!

மூன்று நாளில், நாளுக்கு 10.4 டன் உப்பு எடை போட்டதாக வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் பின்னால் வருவதைக் காட்டாதே என்று கட்டத்துக்குச் சொல்லிவிட்டால், 10, 10, 10 என்று தெரியும். கூட்டுத்தொகையோ 31 என்று நிற்கும்! கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தெரியவில்லையா? தெரியும். அது உள்ளே இருக்கும் 10.4-ஐத்தான் கூட்டியது. உடையைப் பார்த்து ஏமாந்தவர் நாம்தான்.

தேதி செய்யும் மாயம்

எல்லாவற்றிலும் பெரிய மாயக்காரன் தேதிதான். நீங்கள் ஒரு தேதியை எழுதினால், எக்ஸெல் அதைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று கொண்டு, அதிலிருந்து நாட்களை எண்ணி, ஓர் எண்ணாக மாற்றிப் பூட்டி வைக்கிறது. நாம் சுதந்திரம் பெற்ற 15-8-1947 அதற்கு வெறும் 17394!

இதில் சௌகரியம் இல்லாமல் இல்லை. ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் திருச்சியிலிருந்து புறப்பட்டது 13-4-1930. வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது 30-4-1930. எக்ஸெலின் கணக்கில் இவை 11061, 11078. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 17 நாள் என்று விடை வந்துவிடும். கூலிக் கணக்குக்கும் வட்டிக் கணக்குக்கும் இது பெரிய உதவி.

ஆனால் ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நாம் நாளை முன்னே எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முன்னே எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்தில் இருந்து, நீங்கள் 3/4/2025 என்று எழுதினால், ஏப்ரல் 3 அதற்கு மார்ச் 4 ஆகிவிடும். சத்தம் போடாது, சந்தேகமும் கேட்காது! 25/4/2025 என்று எழுதினாலோ, 25-ஆம் மாதம் கிடையாதே என்று அதை வெறும் எழுத்தாக ஒதுக்கி வைத்துவிடும். பாதித் தேதி பிசகு, பாதித் தேதி கணக்கிலேயே சேராது. ஆள் ஒருவருக்குக் கூலி கொடுக்க வேண்டிய நாள் ஒரு மாதம் முன்னே போய் நிற்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? கட்டத்தை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், உண்மையான தேதி வலது ஓரம் ஒட்டி நிற்கும். எழுத்தாகிப்போன தேதி இடது ஓரம் நிற்கும். ஒரு பார்வை போதும். கண்ட்ரோல் பொத்தானையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டத்தின் உடைகள் எல்லாம் அடங்கிய பெட்டி திறக்கும். அதில் மாதத்தை எழுத்தில் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 3-ஏப்ரல் என்று கண்ணெதிரே நின்றால் யாரும் ஏமாற முடியாது.

விஞ்ஞானிகளே ஏமாந்தார்கள்!

மனித உடலின் மரபணுக்கள் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்1' என்று பெயர் இருந்தது. எக்ஸெலில் எழுதியதும் அவை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாறிவிட்டன! எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தப் பிழை ஏறியது. கடைசியில், 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மாற்றம் வேண்டாம் என்று தடுக்கும் வசதி எக்ஸெலில் வந்தது 2023-இல்தான்.

நம் ஊர்க் கணக்கிலும் இதற்கு ஒப்பான விபத்து உண்டு. வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால், எக்ஸெல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால், மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளிக்கு வரவேண்டிய பணம், ஒரு பூஜ்யம் போனதால் நின்றுபோகலாம் அல்லவா? ஆகவே இத்தகைய எண்களை எழுதும் முன்பே, அந்தக் கட்டங்களை 'எழுத்து' வகைக்கு மாற்றிவிட வேண்டும். எழுதிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

கடைசியாக வரப்பு

திரையில் தெரியும் மங்கலான கோடுகளை நம்பாதீர்கள். சாதாரணமாக அவை அச்சில் வருவதில்லை. வேண்டிய இடத்தில் நாமே கோடு போட வேண்டும். அதற்காக எல்லாப் பக்கமும் தடித்த கோடு போட்டால் கண் கூசும். தலைப்புக்குக் கீழே ஒரு கோடு, கூட்டுத்தொகைக்கு மேலே ஒரு கோடு, ஆளுக்கு ஆள் மெல்லிய கோடு. இவ்வளவே போதும். அழகுக்காகப் பல கட்டங்களை ஒன்றாக இணைத்துவிடாதீர்கள். பிறகு வரிசைப்படுத்த முடியாமல் திண்டாட வேண்டும். ####### என்று தெரிந்தால் பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் இடம் போதவில்லை என்றுதான் பொருள். கட்டத்தை அகலமாக்கினால் எண் வெளியே வந்துவிடும்.

உப்பளத்தில் வரப்பைப் பார்த்துக்கொள்கிறவர் உப்பைக் காப்பாற்றுகிறார். கணக்கில் கட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கூலியைக் காப்பாற்றுகிறார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். கணக்கு எழுதுகிறவர் ஜாக்கிரதையாக இல்லாவிட்டால், உப்பை விளைத்தவரும் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்!