பள்ளியிலேயே சேரும் கல்லூரிக் கிரெடிட்: எங்கே செல்லும்?

மே மாதத்தின் முதல் இரண்டு வாரம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றின் ஜிம்மில் பந்துச் சத்தம் கேட்காது. பளபளக்கும் மரத்தரையில் மேசைகளை வரிசையாகப் போட்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகளை ‘ஏபி’ என்ற தேர்வுக்கு உட்கார வைத்துவிடுகிறார்கள். கால்குலஸ் தாள் என்றால் மூன்றே கால் மணி நேரம். 45 கொள்குறி வினாக்கள், விரிவாக எழுத ஆறு கணக்குகள். அதில் பெரும்பகுதிக்குக் கால்குலேட்டரைத் தொடக்கூடாது. 2025 நிலவரப்படி ஒரு தாளுக்குக் கட்டணம் 99 டாலர். ஒரே ஆண்டில் ஐந்து தாள் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு.

கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கிறது? “காலேஜ் கிரெடிட்” என்று பெற்றோர் சட்டென்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கிடைப்பது ஒரு மதிப்பெண். அதைக் கிரெடிட்டாக மாற்றித் தருவதா, எத்தனை தருவது, எந்தப் பாடத்தின் பேரில் தருவது என்பதெல்லாம் பிள்ளை பிறகு போய்ச் சேரும் கல்லூரியின் கையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரியாமல் பல வீடுகளில் நான்கு ஆண்டுத் திட்டம் போடுகிறார்கள்.

கிரெடிட் என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம் ஓடினால் ஒரு கிரெடிட். சாதாரணப் பாடத்துக்கு 3, கால்குலஸ் போன்றவற்றுக்கு 4. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 சேர வேண்டும். படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பெரிய கல்விக் கொள்கை எதுவும் இல்லை என்பது வேடிக்கை. 1905-இல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர ஓர் அறக்கட்டளை தொடங்கினார். எது கல்லூரி, எது பெயரளவுக் கல்லூரி என்று பிரித்தால்தானே பணம் தர முடியும்? சேர வரும் மாணவர் பள்ளியில் இத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிற இடமே கல்லூரி என்று அறக்கட்டளை வரையறுத்தது. பென்ஷனுக்காகச் செய்த மரக்கால் அது. நூற்றாண்டு கடந்தும் அதைக் கொண்டே அளக்கிறார்கள்.

பள்ளியில் இருந்தபடியே இந்தக் கிரெடிட்டைச் சேர்க்க முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி ஏபி எனப்படும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’. 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசின. இந்தப் பள்ளிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் படித்ததையே மறுபடி படித்துக் கொட்டாவி விடுகிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது, காலேஜ் போர்டு என்ற அமைப்பு பொறுப்பேற்றது, 1956-இல் அது தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அலுப்பைப் போக்கப் பிறந்த ஏற்பாடு இன்று சுமார் 40 பாடங்களோடு நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஆயிரக்கணக்கில் விடை திருத்துகிறார்கள். கேன்சஸ் சிட்டி போன்ற ஊர்களின் மாநாட்டுக் கூடங்களில் ஒரே கணக்கின் விடையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திருத்துநர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஜூலையில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வரும். 3 எடுத்தால் தேறியதாகக் கொள்வது வழக்கம்.

இரண்டாவது வழிக்கு ‘டூயல் என்ரோல்மென்ட்’ என்று பெயர். பள்ளி மாணவர் ஒரு கல்லூரியிலும் பெயர் பதிந்து, கல்லூரிப் பாடத்தையே படிப்பது. இதற்கு மாநிலம் தழுவிய சட்டத்தை முதலில் கொண்டுவந்தது மின்னசோட்டா, 1985-இல். இன்று ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் இப்படிப் படிக்கிறார்கள். இரண்டாண்டுப் பட்டம் தரும் கம்யூனிட்டி காலேஜ்களின் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளி முடிக்காதவர். பலர் கல்லூரி வாசலை மிதிப்பதே இல்லை. தங்கள் பள்ளி ஆசிரியரிடமே, கல்லூரி ஒப்புக்கொண்ட பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். செலவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணமே இல்லை. வேறு சில மாநிலங்களில் பெற்றோர் தலையில் விழுகிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ பக்கம் மென்பொருள் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பெல்வியூ காலேஜ் போன்ற இடங்களில் டியூஷன் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து ஆகியவை வீட்டுச் செலவு. அங்கே செமஸ்டர் முறை இல்லை, குவார்ட்டர் முறை. பத்துப் பதினொரு வாரத்தில் பாடம் முடிந்துவிடும். 5 கிரெடிட் கொண்ட ஒரு கல்லூரிப் பாடம், பள்ளியில் ஓர் ஆண்டு முழுக்கப் படித்த பாடத்துக்குச் சமம் என்பது மாநிலக் கணக்கு. குவார்ட்டருக்கு 15 கிரெடிட், ஆண்டுக்கு மூன்று குவார்ட்டர், இரண்டு ஆண்டு: மொத்தம் 90 (முன்பு சொன்ன 120 செமஸ்டர் கணக்கு, இது குவார்ட்டர் கணக்கு). அசோசியேட் பட்டத்துக்குத் தேவையானதும் அதே 90. பதினெட்டு வயதில் பள்ளிச் சான்றிதழும் இரண்டாண்டுப் பட்டமும் ஒரே ஜூனில் கைக்கு வரும்.

கேட்க இனிக்கிறது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை, முப்பது வயதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பெற்றோருக்கு இன்னோர் அதிர்ச்சியும் காத்திருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது என்னவானாலும், கல்வி ஆவணங்கள் மீதான உரிமை அந்த மாணவருக்குப் போய்விடும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பேராசிரியருக்குப் போன் போட்டு “எங்க பொண்ணு எப்படிப் படிக்கிறா?” என்று கேட்டால், அவள் எழுதிக் கொடுத்த ஒப்புதல் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மவர்களுக்கு இதுதான் தாங்காது.

சரி, சேர்த்த கிரெடிட் எங்கே செல்லும்? குழப்பம் முழுக்க இங்கேதான். மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகிறோம். கடினமான பாடம் எடுத்தது கல்லூரியில் இடம் கிடைக்க உதவுவது ஒன்று. முதல்நிலைப் பாடத்தைத் தாண்டி நேராக அடுத்த பாடத்தில் உட்கார விடுவது இன்னொன்று. பட்டத்துக்கான 120-இல் கழித்துக்கொள்வது மூன்றாவது. முதல் இரண்டைத் தாராளமாகத் தந்துவிட்டு மூன்றாவதற்குக் கையை விரிக்கிற கல்லூரிகள் உண்டு.

அரசுக் கல்லூரிகள் பொதுவாகத் தாராளம். இல்லினாயில் 3 எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. புளோரிடாவில் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பாடங்களுக்குப் பொதுவான எண் வைத்திருப்பதால், ஓரிடத்தில் படித்தது மற்றோரிடத்தில் சிக்கலின்றிச் செல்லும். பேர் பெற்ற தனியார் கல்லூரிகளில் கதை வேறு. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. பிரவுனில் பட்டக் கணக்கில் சேராது. எம்ஐடி, ‘கால்குலஸ் பிசி’ என்ற ஏபி தாளில் 5 எடுத்தவரை முதல் கால்குலஸ் பாடத்திலிருந்து விடுவிக்கும். உயிரியலில் அதே 5 எடுத்திருந்தாலும் கிரெடிட் கிடையாது.

டார்ட்மத் கல்லூரி 2013-இல் இனி ஏபிக்குக் கிரெடிட் இல்லை என்று அறிவித்தபோது ஒரு சர்ச்சை கிளம்பியது. ஏபி உளவியலில் 5 எடுத்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அக்கல்லூரியின் உளவியல் துறை தன் அறிமுகப் பாடத் தேர்வைச் சுருக்கிக் கொடுத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது பேர் தேறவில்லை. அந்தச் சோதனை நடந்த விதமே சரியில்லை என்று காலேஜ் போர்டு மறுத்தது. பள்ளியில் படித்தது ஒரு கோடைக்காலத்துக்குள் எவ்வளவு மறந்துபோகும் என்பதும் எனக்கு இதில் தெரிகிறது. கிரெடிட் கொடுத்தால் ஒரு செமஸ்டர் கட்டணம் போகுமே என்ற கணக்கு கல்லூரிகளின் மனதில் அறவே இல்லை என்று நம்ப நான் தயாராக இல்லை.

கிரெடிட் கிடைத்தும் பயனில்லாமல் போவது இன்னும் பரவலானது. கணினிப் பொறியியலில் சேரும் ஒரு மாணவி ஏபி உளவியல், மனிதப் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றிலும் தேறியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி மூன்றையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ‘விருப்பப் பாடம்’ என்ற பட்டியலில். அவள் துறைக்கு விருப்பப் பாடமாகச் சில கிரெடிட்தான் தேவை. மிச்சமெல்லாம் ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவில் அலங்காரமாக நிற்கும். கணக்கு ஒன்றுக்குப் பின் ஒன்று, இயற்பியல் ஒன்றுக்குப் பின் ஒன்று என்று சங்கிலியாகப் போகும் பொறியியலில், பட்ட காலத்தைக் குறைப்பது அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிதான். மூன்று பாடத்துக்குப் பதில் கால்குலஸ் ஒன்றை எடுத்திருந்தால் அவளுக்கு ஒரு செமஸ்டர் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும்.

டாக்டர் கனவுள்ள வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் பல, தாங்கள் கேட்கும் உயிரியல், வேதியியல் பாடங்களுக்கு ஏபியை ஏற்பதில்லை. அல்லது அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கல்லூரியில் படித்துக் காட்டச் சொல்கின்றன. டூயல் என்ரோல்மென்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஏபி தாளில் 2 வந்தால் அதைக் கல்லூரிக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம். கல்லூரிப் பாடத்தில் ‘சி’ வாங்கினால் அது நிரந்தரக் கல்லூரிப் பதிவு. ஆறேழு ஆண்டு கழித்து மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பத்தை நிரப்பும்போது, பள்ளிக் காலத்தில் படித்த கல்லூரிப் பாடங்களின் ட்ரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள். பதினாறு வயதில் வாங்கிய ‘சி’ அங்கே வந்து நிற்கும்.

இத்தனை சொன்னதால் இது வீண் வேலை என்று அர்த்தமில்லை. கல்லூரிக்கே போயிராத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு. பள்ளியையும் கல்லூரியையும் ஒன்றாக்கிய ‘ஏர்லி காலேஜ்’ பள்ளிகள் அதைக் காட்டுகின்றன. நியூயார்க்கில் 2001-இல் தொடங்கிய பார்ட் ஏர்லி காலேஜ் பள்ளி அப்படிப்பட்ட அரசுப் பள்ளிதான். இத்தகைய பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பின்தொடர்ந்த ஆய்வுகளில், கிடைத்தவர்களே அதிகம் பட்டம் பெற்றிருந்தார்கள். ஐவி லீக் கல்லூரியைக் குறிவைத்துப் பன்னிரண்டு ஏபி எடுக்கிற வீட்டுக்கு மிச்சமாவது டாலர் அல்ல, பெருமை. அரசுப் பல்கலைக்கழகத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஓர் ஆண்டுக் கட்டணமே மிச்சமாகலாம்.

மொழி விஷயத்தில் ஒரு சின்ன வருத்தம். சீனம், ஜப்பானியம், லத்தீன் எல்லாவற்றுக்கும் ஏபி தாள் உண்டு, தமிழுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போய் பத்தாண்டு படித்த பிள்ளைக்குச் சில பள்ளி மாவட்டங்கள் பள்ளி அளவில் அயல்மொழிக் கிரெடிட் தருகின்றன. ஏபி வழியாகக் கல்லூரிக் கிரெடிட் வேண்டுமானால் அதே பிள்ளை ஸ்பானிஷ் போன்ற வேறொரு மொழியில் தொடங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வுப் படிவம் பிப்ரவரி வாக்கில் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், பிள்ளை சேர விரும்பும் மூன்று நான்கு கல்லூரிகளின் கிரெடிட் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தத் தாளுக்கு எந்த மதிப்பெண், எந்தப் பாடத்துக்குப் பதில் என்று அதில் வரி வரியாக இருக்கும். துறையின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்திலேயே பொறியியலுக்கு ஒரு விதி, கலைப் பிரிவுக்கு ஒரு விதி இருக்கலாம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகும் கிரெடிட் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஏபி மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டு வழியாகத்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். தேர்வெழுதிய ஆண்டின் ஜூன் 20-க்குள் சொன்னால் ஒரு கல்லூரிக்கு இலவசம், அதற்குப் பிறகு கட்டணம். கம்யூனிட்டி காலேஜில் படித்ததற்கு அந்தக் கல்லூரியிடமே தனியாக ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்க வேண்டும். பள்ளி அனுப்பும் சான்றிதழில் அந்தப் பாடத்தின் பெயர் இருந்தாலும், அது கல்லூரிப் பதிவாளரிடம் செல்லாது.