டான்செட் ஏன் உறுமுகிறது?

1950களிலும் 60களிலும் இங்கிலாந்து இளைஞர்களின் அறைகளில் ஓயாமல் பாடியது டான்செட் ரெக்கார்ட் பிளேயர். மூடி போட்ட பெட்டி. உள்ளே வால்வு ஆம்ப்ளிஃபயர். இன்று பரணிலிருந்து இறங்கும் இந்தப் பெட்டிகளுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே ரகம்தான்.

பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால், முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டன்சர் மேல். ஏசி மின்சாரத்தை டிசியாக்கியபின் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது அதன் வேலை. உள்ளே இருக்கும் ஈரம் வறண்டுவிட்டால் அதனால் முடியாது.

குரல் கரகரத்து, அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கொதித்தால் கோளாறு வேறு இடத்தில். பழைய காகிதக் கப்ளிங் கண்டன்சர் கசிந்து, வால்வின் கிரிட்டுக்குப் போகக் கூடாத மின்னழுத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும்.

தட்டு மெதுவாகச் சுற்றுகிறதா? மோட்டாரில் இறுகிய கிரீஸைத் துடைத்துப் புது எண்ணெய் விட வேண்டும். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் விளிம்பு வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வால்வு எரிந்தும் சத்தமே இல்லையென்றால், ஊசியைத் தாங்கும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜைப் பார்க்கலாம். அதிலுள்ள ரோஷெல் உப்புப் படிகம் ஈரக்காற்றில் கெட்டுவிடும். மாற்றாகச் செராமிக் கார்ட்ரிட்ஜ் போடுவார்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே மெக்கானிக்குகள் உள்ளே கை வைக்கிறார்கள்.