குருதி இருமுறை இதயத்தை அடைவதேன்?

முலையூட்டிகளின் இதயத்தைப் பிழையின்றி வரைந்து, நான்கு அறைகளுக்கும் பெயரிட்டு, செந்நிறமும் நீலநிறமும் தீட்டத் தெரிந்த மாணவர் நம்மிடையே பலர் உளர். ஆயின், உடலை ஒருமுறை சுற்றிவரும் குருதி அவ்வொரு சுற்றுக்குள்ளேயே இதயத்தை இருமுறை வந்தடைவது எதற்காக என்று வினவின், விடை தருவோர் சிலரே. படம் மனத்திற் பதிந்துவிடுகின்றது. அதன் காரணம் பதிவதில்லை. அக்காரணத்தையே ஈண்டு ஆராய்வோம்.

உடலின் பல பாகங்களிலிருந்தும் திரும்பும் குருதி வலச் சோணையறையை அடைந்து, வல இதயவறைக்குள் இறங்குகின்றது. அவ்வறை சுருங்கவே, சுவாசப்பை நாடி வழியாகச் சுவாசப்பைகளுக்குச் சென்று, காபனீரொட்சைட்டை விடுத்து ஒட்சிசனை ஏற்று, இடச் சோணையறைக்கு மீள்கின்றது. பின்னர் இட இதயவறை அதனைப் பெருநாடிக்குள் உந்த, கிளைத்துக் கிளைத்துச் செல்லும் நாடிகள் வழியாக மயிர்த்துளைக் குழாய்களை அடைந்து, நாளங்கள் வழியாக மீண்டும் வலப்பக்கம் சேர்கின்றது. அறைகளின் வாயில்களிலுள்ள வால்வுகள் அது பின்னோக்கிப் பாயாது தடுக்கின்றன.

சுவாசப்பைக்குச் செல்லும் குருதியை 'அசுத்த இரத்தம்' என்னும் வழக்கு நம் பேச்சில் இன்னும் நிலவுகின்றது. அவ்வழக்கு ஒழிதல் நன்று. ஓய்ந்திருக்கும் ஒருவரது நாளக் குருதியில், ஈமோகுளோபின் தாங்கத்தக்க ஒட்சிசனில் ஏறத்தாழ முக்காற் பங்கு எஞ்சியிருக்கும். அஃது அசுத்தமுமன்று, நீலமுமன்று, கருஞ்சிவப்பேயாம்.

இனி வினாவுக்கு வருவோம். மீனின் இதயம் குருதியைச் செவுள்களுக்குச் செலுத்துகின்றது. செவுள்களின் நுண்குழாய்களுட் புகுந்து வெளிவருவதற்குள் குருதியின் அமுக்கம் பெரிதும் குறைந்துவிடும். அக்குறைந்த அமுக்கத்துடனேயே அஃது உடல் முழுவதும் செல்லவேண்டும். நீரில் வாழும் குளிர்ந்த உடலுக்கு அது போதும். வெப்பக் குருதியுடைய முலையூட்டிக்கோ போதாது. தலை உயர்ந்து நிற்கும் மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் சிறிதும் போதாது. அங்ஙனமாயின் தொடக்கத்திலேயே வலிந்து உந்தினாலென்ன எனலாம். உந்தினால், காற்றுக்கும் குருதிக்கும் இடையே மிக மெல்லிய சுவரே உள்ள சுவாசப்பைக்குள் நீர் கசிந்து நிறையும், உயிர் நிலையாது. சுவாசப்பை வேண்டுவது தாழ்ந்த அமுக்கம். மூளையும் சிறுநீரகமும் வேண்டுவது உயர்ந்த அமுக்கம். ஒரே உந்தலால் இரண்டையும் நிறைவேற்றல் இயலாது.

ஆகவே, ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல இரு பம்பிகள் ஓருறுப்பாய் அமைந்துள்ளன. மனிதரில் பெருநாடியின் அமுக்கம் இதயம் சுருங்கும்போது ஏறத்தாழ 120 மில்லிமீற்றர் இரசம். சுவாசப்பை நாடியிலோ 25 அளவே. இட இதயவறையின் சுவர் வலப்பக்கச் சுவரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு தடிப்பாயிருப்பதும் இதனாலேயே.

அமுக்கம் வேறாயினும் அளவு ஒன்றே. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு எனக் கொண்டால், ஒவ்வொரு பக்கமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 இலீற்றர் செலுத்துகின்றது. உடலிலுள்ள குருதி முழுவதுமே அவ்வளவுதான். இத்தகைய கணக்கைக் கொண்டே, குருதி சுற்றியோடுதல் வேண்டும் என்று வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் நிறுவினார். இடப்பக்கம் தளர்ந்து, வலப்பக்கம் அனுப்புவதிற் சிறிது குறைத்தே வெளியேற்றினும், மிஞ்சுவது சுவாசப்பையில் தேங்கும். இதயநோயாளர் சிலர் இரவிற் படுக்கவியலாது எழுந்திருந்து மூச்சுக்குத் தவிப்பது இதனாலாகும்.

கருவிலுள்ள குழந்தைக்கு நிலைமை வேறு. அதன் சுவாசப்பைகள் தொழிற்படா. ஒட்சிசன் தாயிடமிருந்து கொப்பூழ்க்கொடி வழியே வருகின்றது. ஆதலின் இரு சோணையறைகளுக்கும் இடையே ஒரு துவாரமும், சுவாசப்பை நாடியைப் பெருநாடியுடன் இணைக்கும் ஒரு குறுங்குழாயும் உள. குருதியின் பெரும்பகுதி இவ்வழிகளாற் சுவாசப்பையைத் தவிர்த்துச் செல்லும். பிறந்த குழந்தை முதன்மூச்சை இழுத்தவுடன் சுவாசப்பைகள் விரிய, அவற்றுட் குருதி பாய்ந்து இடச் சோணையறைக்கு மீள, அங்கு அமுக்கம் உயர்ந்து துவாரத்தின் மடல் கதவுபோல் அடைபடுகின்றது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அம்மடல் முற்றாக ஒட்டுவதில்லை. அவருட் பெரும்பாலோர்க்கு அதனாற் கேடுமில்லை. குறுங்குழாயோ, குருதியில் ஒட்சிசன் மிகுதலாற் சுருங்கிச் சில நாள்களில் மூடிக்கொள்கின்றது.

மூடாதொழியின், பெருநாடியின் உயர்ந்த அமுக்கம் குருதியைச் சுவாசப்பைக்குத் திருப்பிவிடும். 1938ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் றொபேட் குறொஸ் என்னும் சத்திர சிகிச்சையாளர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அக்குழாயைக் கட்டி அவளைக் குணப்படுத்தினார். இதற்கு மாறான நிலையும் உண்டு. சில குழந்தைகளில் பெருநாடி வலப்பக்கத்திலிருந்தும் சுவாசப்பை நாடி இடப்பக்கத்திலிருந்தும் இடம்மாறித் தோன்றும். அப்போது இரு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடராது தனித்தனியே சுழலும்; சுவாசப்பையிற் பெற்ற ஒட்சிசன் உடலைச் சேராது. அத்தகைய குழந்தைக்கு அக்குறுங்குழாய் மூடாதிருத்தலே உயிர்வழி. ஆதலின் மருத்துவர் புறொஸ்ராகிளாண்டின் என்னும் மருந்தைச் செலுத்தி, சத்திர சிகிச்சை செய்யும்வரை அதனைத் திறந்தே வைத்திருக்கின்றனர்.