புலிப்பால் காளான்: காட்டிலிருந்து தொட்டிக்கு

மலாய் மொழியில் செண்டாவான் சூசு ஹாரிமாவ் எனப்படும் புலிப்பால் காளான், ஈன்ற புலியின் பால் சிந்திய மண்ணில் முளைப்பது என்று நம்பப்பட்டது. தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினர் இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் எடுத்துக்கொள்வது இதன் குடையை அன்று. பூஞ்சையிழைகள் மண்ணுக்குள் பின்னி இறுகித் திரண்ட கிழங்கையே. பினாங்கில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1879இல் குக் என்னும் ஆங்கிலேயப் பூஞ்சையியலறிஞர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். ஆயினும் இது கூட்டமாக முளைக்காததாலும், குடை விரிந்த பின்னரே இருப்பிடம் தெரிவதாலும், அதற்குள் கிழங்கின் சேமிப்பைக் குடை உறிஞ்சிவிடுவதாலும் நெடுங்காலம் அரும்பொருளாகவே இருந்தது.

சிலாங்கூர் பாலகோங்கில் இயங்கும் லிக்னோ பயோடெக் நிறுவனம் டிஎம்02 என்னும் வகையைத் திட ஊடகத்தில் வளர்த்துக் கிழங்கு எடுக்கத் தொடங்கியதும் அத்தட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் கிழங்கு திரளப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சர்க்கரையும் நைட்ரஜன் சத்தும் கலந்த நீர்மத்தில் பூஞ்சையிழையை மட்டும் சில வாரங்களில் பெருக்கும் திரவ நொதித்தலையும் ஆராய்ந்தனர். 2014இல் வெளியான இக்காளானின் மரபணுத்தொகுதி வரைவில் ஏறத்தாழ 10,700 மரபணுக்கள் கணிக்கப்பட்டன. நோயெதிர்ப்பைத் தூண்டுவதாகக் கருதப்படும் பீட்டா-குளூக்கான் என்னும் கூட்டுச்சர்க்கரையையும், செஸ்குவிடெர்பீன் வகைச் சேர்மங்களையும் உருவாக்கும் மரபணுக்கள் அவற்றுள் அடங்கும்.

இவ்விரு வகைகளையும் ஒரே வழியில் பெருக்க முடியாது என்பதுதான் இத்துறையின் முடிச்சு. பீட்டா-குளூக்கான் செல்சுவரின் கட்டுமானப் பொருளாதலால், இழை பெருகினால் அதுவும் பெருகும். டெர்பீன் போன்ற இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்களோ உயிர்வாழ்வுக்கு உடனடியாகத் தேவையற்றவை. வயிறார உண்டு வளரும் பூஞ்சை அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை, நெருக்கடி வந்தபின்பே ஆக்குகிறது. எனவே முதலில் வளர்த்துப் பின் வருத்துவது என்ற ஈரடுக்கு உத்தியை ஆய்வாளர்கள் கையாளுகின்றனர். லிங்ஸி எனச் சீன மருந்துக்கடைகளில் விற்கும் கானோடெர்மா என்னும் காளானை முதலில் குலுக்கி வளர்த்து, பிறகு அசையாமல் விட்டபோது டெர்பீன் வகையைச் சேர்ந்த அதன் கானோடெரிக் அமிலம் கூடியது; தாவரங்கள் காயம்பட்டால் சுரக்கும் மீத்தைல் ஜாஸ்மொனேட்டைச் சேர்த்தபோதும் கூடியது. அந்த அமிலத்துக்கு மூலப்பொருள் தரும் நொதியின் மரபணுவை மிகையாக இயங்கச் செய்தும் சீன ஆய்வாளர்கள் விளைச்சலை உயர்த்தினர்.

புலிப்பால் காளானில் இத்தகைய மரபணு மாற்றத்துக்கு முன்னால் தீர வேண்டிய கேள்வி வேறு: மூச்சுத்திணறலைத் தணிப்பதாகச் சொல்லப்படுவது இதன் எந்தச் சேர்மம்? புரதமா, கூட்டுச்சர்க்கரையா என்று உறுதிப்படாதவரை எதைப் பெருக்குவது என்பதே தெளிவாகாது. இதுவரையான சான்றுகளில் பெரும்பகுதி செல்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிலவே. ஆகவே இக்காளான் தூளை வாங்கும் ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவர் தந்த இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது.