இறுக்கிக் கட்டும் கொண்டை... ஏறிக்கொண்டே போகும் நெற்றி!

ராத்திரி வீட்டுக்கு வந்து, காலையில் போட்ட ரப்பர் பேண்டை உருவி எடுக்கும் அந்த நொடி இருக்கே... மண்டையே 'அப்பாடா' என்று மூச்சு விடும். அடுத்து, பின்னால் வாரியிருந்த முடியை விரலால் முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். நெற்றியோரம் சுருக்கென்று ஒரு வலி வரும். 'முடிக்குக்கூடவா வலிக்கும்?' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம். முடிக்கு உயிர் இல்லை, வலிக்காது. வலிப்பது, முடி வேர்விட்டு நிற்கும் தோல். பத்து மணி நேரம் ஒரே பக்கமாக இழுபட்டுக் கிடந்ததற்கான புகார் அது.

நான் அந்தப் புகாரைப் பல வருஷம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கூலில் ரெட்டை ஜடை, காலேஜில் போனிடெய்ல், வேலைக்கு வந்த பிறகு உச்சந்தலைக் கொண்டை. பாஸ்போர்ட்டுக்காக எடுத்த போட்டோவைப் பார்த்தபோதுதான், நெற்றியின் இரண்டு மூலைகளும் மேலே ஏறியிருப்பது தெரிந்தது. "உனக்கு ஏறு நெத்தி. அதிர்ஷ்டம்டி" என்றார் பெரியம்மா. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டைத் தேடி எடுத்தேன். அதில் நெற்றி ஏறவே இல்லை.

இதற்கு மருத்துவத்தில் 'டிராக்‌ஷன் அலோபீசியா' என்று பெயர். இழுப்பதால் வரும் முடி இழப்பு, அவ்வளவுதான். பரம்பரை, ஹார்மோன், தைராய்டு எல்லாம் இங்கே முதல் குற்றவாளிகள் இல்லை. முதல் குற்றவாளி நம் கையில் இருக்கும் ரப்பர் பேண்ட். புது வியாதியும் இல்லை. 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களும் முடியை இறுக்கிக் குதிரைவால் கொண்டை போட்டவர்கள்தான். அதன்பிறகு, நீள முடியை உச்சியில் முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கிய ஆண்களிடமும், தொப்பி நழுவாமலிருக்கப் பின் குத்திக்கொள்ளும் நர்ஸுகளிடமும்கூட இது பதிவாகியிருக்கிறது. ஆக, 'மேன் பன்' போடும் தம்பிகளே, தொடர்ந்து படியுங்கள்.

ஏன் நெற்றியோரமும் காதுக்கு முன்னாடியும் மட்டும்? தலையில் இருப்பதிலேயே மெல்லிய முடி அங்கேதான். அது இயல்பாக முன்பக்கம் பார்த்து வளரும், நாம் அப்படியே திருப்பிப் பின்னால் இழுக்கிறோம். உச்சந்தலை முடிக்கு நாலாபுறமும் துணை உண்டு. ஓரத்து முடிக்கு முன்னால் யாரும் இல்லை. வேலியோர மரம் மாதிரி, மொத்தக் காற்றும் அதன் மேல்தான்.

இழுவை ஒரே நாளில் முடியைக் கொட்டவைக்காது. முதலில் மயிர்க்காலைச் சுற்றி லேசான அழற்சி. தோல் சிவக்கும், சிலருக்குக் குட்டிக் குட்டியாகப் பரு மாதிரி வரும். இன்னொரு அறிகுறியைப் பொடுகு என்றே எல்லோரும் நினைப்போம். முடியின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் குழாய் மாதிரி ஒட்டியிருக்கும். விரலால் இழுத்தால் முடியோடு சறுக்கிக்கொண்டே வரும். இழுவை அதிகம் என்பதற்கு அது ஓர் அடையாளம். இந்தக் கட்டத்தில் கட்டுவதைத் தளர்த்தினால் முடி பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால், வருஷக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் இருந்த இடத்தில் தழும்புத் திசு வந்துவிடும். தோல் வழவழவென்று, துளையே இல்லாமல் ஆகிவிடும். அதற்குமேல் எண்ணெயும் வேலை செய்யாது, மருந்தும் வேலை செய்யாது. முடி மாற்று அறுவை சிகிச்சைதான் மிச்சம். 'முடிதானே, வளர்ந்துக்கும்' என்று இதை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். நெற்றியோரம் மெல்லிசாக ஒரு வரிசைப் பூனைமுடி இருக்கிறதா? அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம் வந்து, அதற்கும் பின்னால்தான் அடர்த்தியான முடி தொடங்குகிறதா? கவனம். 'பேபி ஹேர், க்யூட்டா இருக்கு' என்று நாம் கொண்டாடும் அந்த வரிசை, உங்கள் பழைய நெற்றியின் எல்லைக்கல்லாக இருக்கலாம். ரப்பர் பேண்டுக்குள் சிக்காத அளவுக்குக் குட்டையாக இருந்ததால் அது மட்டும் தப்பியிருக்கிறது. பின்னால் இருந்தவை இழுபட்டுப் போய்விட்டன. தோல் மருத்துவர்கள் இதை 'ஃப்ரிஞ்ச் சைன்' என்கிறார்கள். டிராக்‌ஷன் அலோபீசியாவைக் கண்டுபிடிக்க அவர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளங்களில் இதுவும் ஒன்று. நாமோ அந்த மிச்ச முடியையும் ஜெல் தடவி, டூத் பிரஷ்ஷால் அழுத்தி வாரி ரீல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறோம்!

ரீல்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே இறுக்கிப் பின்னும் எல்லாவற்றுக்கும் 'புரொடெக்டிவ் ஹேர்ஸ்டைல்' என்று ஒரு பெயர் ஓடுகிறது. இந்தச் சொல் வந்தது ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடமிருந்து. அவர்களுடைய நெருக்கமான சுருள் முடி, சீப்புப் பட்டாலே எளிதில் உடையும். அதனால் நுனிகளை உள்ளே வைத்துப் பின்னி, வாரக்கணக்கில் தொடாமல் விடுவார்கள். முடியின் நீளத்துக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பு. ஆனால், பின்னல் இறுக்கமாக இருந்தால் நுனி பிழைக்கும், வேர் போய்விடும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த தோல் மருத்துவர் நோன்ஹ்லான்ஹ்லா குமாலோவின் குழு ஆய்வு செய்தபோது, ஆப்பிரிக்கப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த முடி இழப்பு இருந்தது. கெமிக்கலால் நேராக்கிய முடியை இறுக்கிப் பின்னும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தது. இது நமக்கும்தான். ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடியை மறுநாளிலிருந்தே ஹை போனிடெய்ல் போடும் தோழிகள் நம் எல்லோருக்கும் உண்டு.

நம்ம ஊரில் கதை இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது. காலை ஏழரை மணி. ஸ்கூல் வேன் வர பத்து நிமிஷம். அம்மா தன் முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, "ஆடாம இருடி" என்று ஒரு குட்டு வைத்து, ஈரத்தலையைப் படிய வாரி, ரெட்டை ஜடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டுவார். சாயங்காலம் வரை ஒரு முடிகூடக் கலையாது. கலையாமல் இருந்தால்தான் அது நல்ல ஜடை, அந்த அம்மா நல்ல அம்மா. இதில் யாரையும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால், ஈரமுடி காய்ந்த முடியைவிடப் பலவீனம். ரப்பர் மாதிரி நீளும், சட்டென்று அறுந்தும் போகும். ஈரத்தில் இறுக்கிப் பின்னுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தலைக்குக் குளிக்கிற நாளை லீவு நாளுக்கோ முந்தின நாள் சாயங்காலத்துக்கோ மாற்றினாலே பாதிப் பிரச்னை தீரும். ஜடையைக் காதுக்கு மேலிருந்து தொடங்காமல், கழுத்துப் பக்கம் தாழ்வாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு பின்னல் தளர்வாக, கீழே போகப் போகக் கொஞ்சம் இறுக்கமாக. யூனிஃபார்ம் விதியும் கெடாது. குழந்தை "வலிக்குதும்மா" என்று சொன்னால் அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள். அது அடம் இல்லை, தகவல்.

பரதநாட்டியம் ஆடுபவர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். நடுவகிடு எடுத்து, படிய வாரி, கழுத்தில் இறுக்கிக் கட்டி, அதில் சவுரியைக் கோத்து, நுனியில் குஞ்சலம், மேலே ராக்கொடி, சுற்றிப் பூ. இந்த மொத்தக் கனத்தையும் தூக்கிப் பிடிப்பது சொந்த முடியின் வேர்கள்தான். பூவில் தண்ணீர் தெளித்திருந்தால் இன்னும் கனம். மேடையில் இதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கச் சொல்லவும் இல்லை. ஆனால், தினசரி கிளாஸுக்கும் ஒத்திகைக்கும் சவுரி எதற்கு? தளர்வான பின்னலே போதும். நிகழ்ச்சி நாளில் சவுரியை ஒரே ஒரு முடிச்சில் தொங்கவிடாமல், அகலமாகப் பல பின்களில் பகிர்ந்து பொருத்தச் சொல்லுங்கள். ஒட்டியாணத்துக்குள் சடையைச் செருகும்போது, தலையைக் குனிந்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, இழுக்காத அளவுக்குக் கொஞ்சம் தொய்வு விடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் செல்ஃபி இல்லை, முதலில் சவுரி. சரி, இரண்டு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். அதே மேக்கப்போடு டிபன் சாப்பிட்டு, காரில் தூங்கி, நடுராத்திரி வீட்டில் வந்து அவிழ்ப்பதுதான் வேண்டாம். சடங்குக்கும் வளைகாப்புக்கும் பூ ஜடை தைக்கும்போதும் இதே கணக்குதான். ஒருநாள் கூத்து என்பதால் பயப்படத் தேவையில்லை, தினமும் நடப்பதுதான் ஆபத்து.

ஆபீஸ், காலேஜ் போகிறவர்களுக்கு ஒரு சின்ன சோதனை. முடியைக் கட்டிய பிறகு புருவத்தை மேலே தூக்குங்கள். நெற்றி இழுக்கிறதா? இறுக்கம் அதிகம். ஓரத்தில் ஒவ்வொரு முடியின் அடியிலும் தோல் குட்டிக் கூடாரம் போலக் கூம்பி நிற்கிறதா? உடனே அவிழ்க்க வேண்டிய இறுக்கம். கட்டியபிறகு நெற்றிப்பக்கத்து முடியை விரலால் லேசாக முன்னுக்குத் தள்ளித் தொய்வு கொடுத்தால், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, வேருக்குத் தெரியும். தினம் ஒரே இடத்தில் கட்டாதீர்கள். இன்று கொண்டை என்றால் நாளை தாழ்வான பின்னல், நாளை மறுநாள் ஒரு கிளிப். மெல்லிய ரப்பர் பேண்டுக்குப் பதிலாகத் துணி சுற்றிய ஸ்க்ரஞ்சி. மீன் வாங்கும் கவரில் போட்டுக் கட்டித் தரும் ரப்பர் பேண்டைத் தலையில் மாட்டுபவர்கள்... நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்மெட், ஹிஜாப் போடுபவர்கள் உள்ளே உச்சிக் கொண்டையை இறுக்கிப் போடாமல், கழுத்தோடு தாழ்வாக முடிந்துகொள்ளலாம். தூங்கும்போது கண்டிப்பாக அவிழ்த்துவிடுங்கள். சிக்கு விழும் என்றால் தளர்வான ஒற்றைப் பின்னல் போதும்.

எண்ணெய்? விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, ரோஸ்மேரி என்று ஆளுக்கொரு பாட்டில் நீட்டுவார்கள். இழுவை தொடரும்வரை எந்த எண்ணெயும் பிரயோஜனமில்லை. ஏற்கெனவே அழற்சி இருக்கும் தோலில் வெங்காயச் சாறு எரிச்சலைத்தான் கூட்டும்.

மருந்துக்கடையில் மினாக்சிடில் வாங்கித் தாங்களே தடவிக்கொள்பவர்களும் உண்டு. இழுவையால் போன முடிக்கு டாக்டர்களே அதைப் பரிந்துரைப்பதுண்டு, உண்மைதான். ஆனால், முதல் சில வாரங்கள் முடி அதிகமாகக் கொட்டும். நெற்றியில் வழிந்தால் முகத்தில் முடி முளைக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் அம்மாக்களும் தவிர்க்க வேண்டும். அழற்சி இருந்தால் முதலில் அதற்குத்தான் மருந்து. தவிர, நெற்றி ஏறுவதெல்லாம் இழுவையால்தான் என்றும் இல்லை. வகிடு அகலமாகிக்கொண்டே போனால் அது ஹார்மோன், பரம்பரை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் ரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். நெற்றி முடியோடு புருவமும் சேர்ந்து மெலிந்தால் அது வேறு வகை, அதற்குச் சிகிச்சையும் வேறு. எது என்பதை ஒரு ஸ்கின் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் சரி.

கட்டுவதைத் தளர்த்திய மறுவாரமே பலன் தேடாதீர்கள். கொட்டிய மயிர்க்கால் ஓய்வெடுத்துத் திரும்ப வேலையைத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அப்புறம் மாதத்துக்கு சுமார் 1 செ.மீ. வளர்ச்சி. இடையில் பொறுமை போய் 'எப்படியும் வரலையே' என்று மறுபடி இறுக்கிக் கட்டத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அதனால், மாதத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில், முடியைப் பின்னால் தள்ளி, இரண்டு மூலைகளையும் போனில் போட்டோ எடுத்துவையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பதற்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும்.

என் போனில் இப்போது அப்படி ஏழு போட்டோக்கள் இருக்கின்றன. வலது மூலையில் மூன்றாவது மாதத்திலிருந்து புல் முளைத்த மாதிரி குட்டிக் குட்டி முடிகள். இடது பக்கம் இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது. வகிடு எப்போதும் வலது பக்கம் எடுப்பேன், அதனால் மொத்த முடியும் இத்தனை வருஷமாக அந்த இடது மூலையைத்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.