பிரசவத்துக்கு முன் முடி எடுத்தே ஆக வேண்டுமா?

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன எடுத்து வைப்பது என்று வீடே கூடிப் பட்டியல் போடும். பழைய பருத்திப் புடவை, பிள்ளைக்குத் துணி, ஃபிளாஸ்க், தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட். அந்தப் பட்டியலில் சேராத ஒரு கவலையைப் பல பெண்கள் வெளியே சொல்லாமல் வைத்துப் புழுங்குகிறார்கள். "கீழே முடி எடுக்கலையே, டாக்டர் என்ன நினைப்பாங்க?" அம்மாவிடம் கேட்கக் கூச்சம், மாமியாரிடம் கேட்கவே முடியாது. வயிறு மறைப்பதால் குனிந்து பார்க்கவும் வழியில்லை. கடைசியில் குளியலறையில் ஸ்டூலின் மேல் ஒரு காலை வைத்து, ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் கணவரின் ரேசருமாகத் தட்டுத் தடுமாறி, ஒரு வெட்டுக் காயத்தோடு வெளியே வருவார்கள்.

இந்தப் பாடு தேவையே இல்லை. சுகப்பிரசவத்துக்காக முடியை மழிக்க வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மழிக்காமல் வந்தவரைத் திட்டவோ, கேட்காமல் மழிக்கவோ ஆஸ்பத்திரியில் யாருக்கும் உரிமை இல்லை.

வழக்கம் எங்கிருந்து வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1847-இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் அதன் காரணத்தைப் பிடித்தார். பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டு வந்தன. குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னதும் சாவுகள் சட்டென்று குறைந்தன.

பிறகு கிருமிக் கொள்கை பரவி, பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இடம் மாறியபோது, அறுவை அரங்கின் நடைமுறைகள் பிரசவ அறைக்கும் வந்துவிட்டன. முடியில் கிருமி தங்கும், மழித்தால் போகும் என்பது அன்றைய ஊகம். அப்படி வந்ததுதான் வலி எடுத்து வரும் பெண்ணுக்கு முதலில் ஷேவிங், பிறகு எனிமா என்ற வரிசை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதற்கு 'பிரிபரேஷன்' என்று பெயர். ஊகம் சரிதானா என்று சோதிக்கும் முன்பே அது சட்டம் போல நிலைத்துவிட்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1922-லேயே ஒரு சோதனை நடந்தது. அது தொடங்கி 2005 வரை நடந்த மூன்று சோதனைகளை எடுத்து, மொத்தம் 1,039 பெண்களின் விவரங்களை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மழித்த பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. எரிச்சல், சிவப்பு, முடி திரும்ப முளைக்கும்போது அரிப்பு ஆகிய தொல்லைகள்தான் மிச்சம்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டியில், சுகப்பிரசவத்துக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாக முடி மழிப்பது பரிந்துரைக்கப்படவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனிமாவுக்கும் அதே பதில். கிழிந்த இடத்திலோ, குழந்தை வர வழி செய்ய வெட்டிய இடத்திலோ தையல் போட முடி இடைஞ்சலாக இருந்தால், அந்த ஓரத்தில் மட்டும் கத்தரித்தால் போதும்.

டாக்டர் எதைப் பார்க்கிறார்?

கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பனிக்குட நீர் தெளிவாக இருக்கிறதா, இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா, ரத்தப்போக்கு எவ்வளவு. உள் சோதனை செய்யும் மருத்துவரின் கவனம் இவற்றில்தான் இருக்கும். முடி உள்ள உடலும் இல்லாத உடலும் அவருக்கு அன்றாடம்.

கூச்சம் கீழ்ப்பகுதியோடு நிற்பதில்லை. வயிற்றின் நடுவே தொப்புளிலிருந்து இறங்கும் முடிக்கோடு, கால் முடி, மேலுதட்டு முடி, தாடையில் திடீரென்று முளைத்த இரண்டு முடி என்று பட்டியல் நீளும். இவற்றுக்குக் கர்ப்பகால ஹார்மோன்களே காரணம். முடி வளரும் பருவம் நீள்கிறது, உதிர்வது தள்ளிப்போகிறது. தலைமுடி அடர்த்தியானால் மகிழ்கிறோம். அதே காரணத்தால் வயிற்றில் முளைத்தால் வெட்கப்படுகிறோம். குழந்தை பிறந்த சில மாதங்களில் பெரும்பாலும் இது தானாகவே அடங்கிவிடும். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு முன்பே முடி கூடுதலாக இருக்கும். அதிலும் ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் முகத்திலும் மார்பிலும் திடீரென்று அதிகமாக முடி வளர்ந்து, குரலும் தடித்தால் மட்டும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மழிப்பதில் உள்ள அபாயங்கள்

பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமி நுழைய அவை திறந்த வாசல். மயிர்க்கால் அழற்சி, சீழ்க்கட்டி, முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வது எல்லாம் இதன் பின்விளைவுகள். தையல் உள்ள இடத்தில் முடி குத்தி முளைக்கும்போது உட்கார்ந்து பால் கொடுப்பதே தண்டனையாகிவிடும்.

வார்டில் ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடையோ ரேசரையோ அடுத்தவருக்குப் பயன்படுத்தினால், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவ வாய்ப்பு உண்டு. கணவரின் ரேசருக்கும் இது பொருந்தும்.

முடி நீக்கும் கிரீம்கள் கெராட்டினைக் கரைக்கும் ரசாயனங்கள். உள்பக்க மென்தோலில் பட்டால் புண்ணாகும். வாக்சிங் செய்தால், கர்ப்பத்தில் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் வலியும் கூடும். அங்கே நரம்பு புடைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் தோலை எரிக்கும். வெந்நீரும் மென்மையான சோப்பும் வெளிப்புறத்துக்குப் போதும். உள்ளே எதையும் விட்டுக் கழுவக் கூடாது.

முடி இருப்பது தனக்கே பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். அது அவரவர் விருப்பம். அப்போதும் பிளேடை விட டிரிம்மர் நல்லது. சிறிய கத்தரிக்கோலால் வெட்டுவதானால், பார்வைக்குத் தெரியும் பகுதியில் மட்டும், நம்பிக்கையான ஒருவர் உதவியோடு செய்யலாம். தோலை ஒட்டி எடுக்காமல் சற்று நீளம் விட்டுவிடுவது பாதுகாப்பு. எடுத்த இடம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கூச்சப்படாமல் காட்டிவிட வேண்டும்.

சிசேரியன் என்றால்?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன, 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அடிவயிற்றில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டித்தான் வெட்டுவார்கள். அந்தக் கோட்டில் முடி இடைஞ்சலாக இருந்தால் எடுக்க வேண்டியிருக்கலாம். எப்படி எடுப்பது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு அறுவைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி பதில் சொல்கிறது: கூடுமானவரை முடியை எடுக்காதீர்கள், எடுத்தே தீர வேண்டும் என்றால் கிளிப்பரால் மட்டும் வெட்டுங்கள், பிளேடால் மழிப்பது எப்போதும் கூடாது. முதல் நாள் இரவே வீட்டில் ஷேவ் செய்துகொண்டு போவது நல்ல பிள்ளைத்தனமாகத் தெரியலாம். காயத்தில் கிருமி புக முன்கூட்டியே வழி திறந்துவைப்பதுதான் அதன் விளைவு.

உரிமை என்ன சொல்கிறது?

"ஏம்மா, வீட்லயே எடுத்துட்டு வரக் கூடாதா? உனக்கு இதெல்லாம் நாங்கதான் செய்யணுமா?" வலியில் துடிக்கும் பெண்ணிடம் திரைகூட இழுக்காமல் இப்படிக் கேட்பது பல வார்டுகளில் சகஜமாகிவிட்டது. சில இடங்களில் மழித்துவிட்டதற்கு நூறு, இருநூறு என்று கை நீட்டுவதும் உண்டு. இரண்டுமே தவறு.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், கண்ணியமும் அந்தரங்கமும், தகவல் பெற்றபின் ஒப்புதல் தருவதும் நோயாளியின் உரிமைகள் என்கிறது. ஆண் மருத்துவர் சோதித்தால் அருகில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும், 2019-இல் தொடங்கிய 'சுமன்' திட்டமும் பிரசவ அறையில் மரியாதையான பராமரிப்பை நோக்கமாக வைத்தவை.

ஒப்புதல் பற்றி 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு முக்கியமானது. சோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சுயமாக முடிவெடுக்கக் கூடிய வயது வந்த பெண்ணுக்காக வேறொருவர் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். முடி எடுப்பது அவ்வளவு பெரிய காரியம் அல்ல. வாய்மொழிச் சம்மதமே போதும். ஆனால் அந்தச் சம்மதத்தைப் பிரசவிக்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். "செஞ்சிடுங்க சிஸ்டர்" என்று மாமியார் சொல்வது அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது.

பிரசவத்தின்போது பெண் துணை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2004-லேயே கொண்டுவந்தது. துணைக்கு ஆள் பக்கத்தில் இருந்தால் கடுஞ்சொல் தானாகக் குறையும். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் இரண்டும் இலவசம் என்பது 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உறுதி. ஆகவே ஷேவிங்குக்குப் பணம் கேட்பது லஞ்சம்.

எப்படிக் கேட்பது?

எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவிடுவது எளிது: "டாக்டர், இங்க டெலிவரிக்கு முன்னாடி முடி எடுப்பீங்களா? எடுக்காம இருக்கலாமா?" அவர் ஒப்புக்கொண்டால், "கேஸ் ஷீட்டில் எழுதி வைங்க" என்று கேட்கலாம்.

அட்மிஷன் நேரத்தில் என்றால்: "சிஸ்டர், எனக்கு ஷேவிங் வேண்டாம். தேவைப்பட்டா அந்த இடத்துல மட்டும் டிரிம் பண்ணுங்க." கிளிப்பர் இல்லை, பிளேடுதான் என்றால்: "புது பிளேடு என் முன்னாடி பிரிங்க, திரையை இழுத்து விடுங்க." வலி உச்சத்தில் இருக்கும்போது பேச முடியாது என்பதால், துணைக்கு வருபவரிடம் இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது.

மீறினால் எங்கே போவது?

முதலில் வார்டு செவிலியர் கண்காணிப்பாளர், பிறகு நிலைய மருத்துவ அலுவலர் அல்லது தலைமை மருத்துவர். தேதி, நேரம், நடந்தது என்ன என்று எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பெற்றதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அரசு மருத்துவமனை குறித்து 104 எண்ணிலும் சொல்லலாம். பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. கண்ணியக் குறைவாக நடத்தியிருந்தால் மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் மனு தரலாம், கட்டணம் இல்லை. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் முறையிடலாம்.

பணம் கட்டிச் சிகிச்சை பெற்ற தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. மழித்ததால் தொற்று, கூடுதல் சிகிச்சை என்று பாதிப்பு ஏற்பட்டிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்களும் பத்திரமாக இருக்கட்டும். காயம் தெரிந்தால் தேதியோடு ஒரு போட்டோவும் எடுத்து வைப்பது நல்லது.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒன்பது மாதத்தில் சோறு, மாத்திரை, ஸ்கேன் பற்றி நூறு முறை விசாரிக்கும் அம்மாவோ அக்காவோ, "முடி எடுக்கணும்னு கட்டாயமில்லடி, அதை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்று ஒருமுறை சொன்னால் போதும். அந்தக் குளியலறைப் பாடு பலருக்கு மிச்சமாகும்.